சர்க்கரைக் கட்டிக்கு ஒரு காப்புரிமை

ஒரு நாள் ஒரு ஃபேன் ரிப்பேர்காரர் குளிச்சுட்டு, தலையக்கூடத் துவட்டாம சபதம் போட்டார். "இனிமே உன் தம்பிங்க என்னை ஓட்டை ஃபேன்னு கூப்பிடக் கூடாது. உலகமே விஞ்ஞானின்னு கூப்பிடணும்!"

"முதல்ல துண்டை எடுத்துக்கோங்க விஞ்ஞானி"ன்னா அவர் பொண்டாட்டி.

சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் நிஜமாவே ஒரு துணிக்கொடி செஞ்சிருந்தார். மழை பட்டா துணியோட ஜன்னல் வழியா அதுவே உள்ள ஓடி வந்துடும். ஒரு ஸ்பிரிங், அதைப் பிடிச்சு நிறுத்த ஒரு சர்க்கரைக் கட்டி. சர்க்கரை கரைஞ்சதும் சர்ர்ருனு துணி வீட்டுக்குள்ள!

"அதை வெளிய கட்டித் தொலைங்களேன். ஈரத்துல துணியெல்லாம் நாறுது."

"மூச்! காப்புரிமைக்கு மனு போடற வரைக்கும் காக்கா கூடப் பாக்கக் கூடாது. ஊருக்குக் காட்டிட்டு அப்புறம் மனு போட்டா நம்ம சட்டத்துல செல்லாது. சில நாட்டுல காட்டினப்புறமும் ஒரு வருஷம் டைம் குடுக்கறான். அங்க பொறந்திருக்கலாம்."

"பொறந்திருந்தா நானும் தப்பிச்சிருப்பேன்."

அவர் பயத்துலயும் நியாயம் இருந்துச்சு. அவரோட சித்தப்பா ஒருத்தர், தும்மினா விழாத மூக்குக்கண்ணாடி செஞ்சு இங்க காப்புரிமையும் வாங்கினார். வாங்கினவர் சும்மா இருந்தாரா? கல்யாண வீட்டுல போட்டுக்கிட்டு பந்தி முழுக்கத் தும்மினார். வெளிநாட்டு விருந்தாளி ஒருத்தர் பாத்துட்டுப் போய் அவங்க நாட்டுல செஞ்சு வித்துட்டார். கேக்க முடியல, இந்த நாட்டுக் காப்புரிமை இந்த நாட்டோட சரி. பாவம், அதுக்கப்புறம் சித்தப்பாவுக்குத் தும்மலே வரல. அது கிடக்கட்டும்.

நம்ம ஆளு ரூமைப் பூட்டிக்கிட்டு, பூவாளியால தண்ணி ஊத்தியே சோதனையை முடிச்சார். மனு எழுதறப்ப வக்கீல் கேட்டார்: "தண்ணியில கரையற எந்தப் பொருளும்னு போட்டுடலாமா?"

"எந்தப் பொருளுமா? சர்க்கரை சார்! என் மூளையில உதிச்சது சர்க்கரை!"

ஸ்பிரிங் கொடிக்கு ஒரு உரிமை, அதைப் பிடிக்கற சர்க்கரைக்கு ஒரு உரிமைன்னு வக்கீல் எழுதினார். மனு போட்டுட்டு வந்து பொண்டாட்டிக்கு எல்லாத்தையும் விளக்கினார். அவ கேட்டது ஒரே கேள்வி: "ஏங்க, எறும்பு வராதா?"

விக்கல் எடுக்கற அளவுக்குச் சிரிச்சார். "எறும்புக்கு என்னடி தெரியும்?"

"சரிங்க"ன்னு பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டா.

கொடியை விலை பேச ஒரு கம்பெனி மேனேஜர் வந்த அன்னிக்குப் பளீர்னு வெயில். கொடி நிறைய ஈரத்துணி. மேனேஜர் நாற்காலியில உக்காரக்கூட இல்ல, சர்ர்ர்! ஈரப் போர்வை பறந்து வந்து அவரைச் சுருட்டிக்கிச்சு. வெளிய எறும்புக் கூட்டம் கடைசித் துணுக்கைத் தூக்கிட்டு ஊர்வலம் போகுது.

"வெயிலுக்கே உள்ள வருதே சார்?"ன்னுச்சு போர்வை.

பொண்டாட்டி துணியை மறுபடி வெளிய மாட்டினா. சர்க்கரை இருந்த இடத்துல ஒரு உப்புக்கட்டி. ஒரு எறும்பும் திரும்பிப் பாக்கல. சொம்புத் தண்ணியை ஊத்தினா, சர்ர்ர்!

"பிரமாதம்மா!"ன்னார் மேனேஜர்.

"அவ்வளவுதானே, உப்பு வெச்சே வித்துடலாம்"னார் விஞ்ஞானி, ஸ்பிரிங்கைக் கழட்டிட்டுத் துணியை வெளிய தள்ளிக்கிட்டே.

"உப்புக்கு மனு போட்டது நான்."

"எப்படி? எப்போ?"

"எறும்புன்னதும் சிரிச்சு விக்கிட்டிருந்தீங்களே, அப்போ."

"இது என் கொடிடி!"

"கொடி உங்களுது, உப்பு என்னுது. நீங்க சம்மதிக்காம நான் விக்க முடியாது. நான் சம்மதிக்காம நீங்க உப்பு வைக்க முடியாது."

"பக்கத்து நாட்டுல போய் விப்பேன்! உன் மனு அங்க செல்லாது!"

"தாராளமா. அங்க மழையே பெய்யாதாம்."

மேனேஜர் மெதுவா பொண்டாட்டி பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கிட்டார். இந்தச் சண்டையில வானம் கறுத்ததை யாரும் கவனிக்கல. ஒரு சொட்டு விழுந்துச்சு. நம்மாளு அவசரமா உப்பு ஜாடியில கை விட்டார்.

"ஏங்க, கையை எடுங்க. நான் இன்னும் சம்மதிக்கல."

தானா உள்ள வர்ற கொடியைக் கண்டுபிடிச்ச அந்த விஞ்ஞானி, கொட்டற மழையில ஓடிப் போய் ஒவ்வொரு துணியா கையாலயே எடுத்துட்டு வந்தார்.