பத்துக்கு ஒன்பதரை

விபூதிப் புதன் அன்று, நெற்றியில் சாம்பலோடு நான் சபதம் எடுத்தேன்: உயிர்த்த ஞாயிறு வரைக்கும் பியரைத் தொடமாட்டேன். எடுத்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. சொன்னது என் மனைவி டொறத்தி. வாய் மட்டும் என்னுடையது.

பேர்லினில், நொய்கெல்னில், ஒரு ரெஸ்ற்றோரண்டில் கோப்பை கழுவுகிறவன் நான். பத்து மணித்தியாலம் ஊரான் தின்ற கோப்பை. வீட்டுக்கு வந்து யன்னலோரம் இருந்து குடிக்கிற ஒரு போத்தல் பியர்தான் எனக்கென்று இருந்த ஒரே சுகம். அதையும் ஆண்டவருக்குக் கொடுத்தாயிற்று. மூன்றாம் நாளே உலகம் வெறுத்துவிட்டது. வேலையில் சவர்க்கார நுரையைக் கண்டாலே கண் கலங்கியது.

அப்போதுதான் மேல்வீட்டு ராசன் ஒரு பெட்டியோடு வந்தான். அமெரிக்கச் சிப்பாய்களின் கன்ரீனில் துப்புரவு வேலை செய்கிறவன்.

"அண்ணை, ரூட் பியர். இருபத்து நாலு போத்தல். சும்மா தந்தவங்கள்."

"பியரோ?" டொறத்தி குசினிக்குள்ளிருந்து பாய்ந்து வந்தாள்.

"பேர்தான் அக்கா பியர். ஏதோ வேரில செய்யிற சோடா. வெறியே இல்லை. அவங்கட சின்னப்பிள்ளையளும் குடிக்குதுகள்."

டொறத்தி ஒரு வாய் குடித்தாள். அடுத்த கணம் தண்ணிப் பைப்புக்கு ஓடினாள்.

"என்னப்பா இது? நோவெண்ணெயெல்லோ! முழங்காலுக்குப் பூசுறதை ஆர் குடிப்பினம்?"

நானும் குடித்தேன். அவள் சொன்னது சரி. நோவெண்ணெய்க்குச் சீனி போட்டுப் பற்பசையும் கரைத்தது போல இருந்தது. பத்துக்கு அரைப் புள்ளி போடலாம். அதுவும் போத்தலுக்கு.

ஆனால் அந்தப் போத்தல்! மண்ணிறக் கண்ணாடி. திருகு மூடி. இந்த வீட்டில் டொறத்தி இனிமேல் கையாலும் தொடமாட்டாத போத்தல்.

"அருமை!" என்றேன். "பத்துக்கு ஒன்பதரை."

ராசன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

அடுத்த நாளே பெட்டியைக் கீழே, சாமான் போடுகிற கெல்லருக்குக் கொண்டுபோனேன். ரூட் பியர் முழுவதையும் சாக்கடைக் காணுக்குள் ஊற்றினேன். பதினேழு பெரிய போத்தல் அசல் ஜெர்மன் பியர் வாங்கி அந்தப் போத்தல்களில் நிரப்பினேன். கம்பி மூடி போட்ட வெறும் பியர்ப் போத்தல்களைப் பழைய சாக்குக்குக் கீழே ஒளித்தேன். மூளை என்றால் இதல்லவா மூளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பிறகென்ன, வேலை முடிந்து வந்ததும் தினமும் ஒன்று. டொறத்தி கேட்பாள்:

"இண்டைக்கு எத்தினை?"

"நிறத்துக்கு ரெண்டு, நுரைக்கு மூண்டு, தொண்டைக்கு நாலரை. ஒன்பதரை!"

அவள் அதைக் கலண்டரில் எழுதுவாள். ஒரு நாள் தவறுதலாக மூன்று போத்தல் இறங்கிவிட்டது. சிலுவைப்பாதைப் பாட்டைக் கலியாணப் பாட்டு மெட்டில் பாடினேனாம். அன்றைக்கு டொறத்தி ஒன்றும் கேட்கவில்லை. தானாகவே பத்துக்குப் பத்து என்று எழுதினாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

தவக்காலத்தின் மூன்றாம் வெள்ளி. ராசனும் கஞ்சி குடிக்க வந்திருந்தான். டொறத்தி கலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தாள்.

"இஞ்சேருங்கோ, ஒறுத்தல் எண்டால் என்ன?"

"பிடிச்சதை விடுறது."

"பியரை விட்டுப் பதினாறு நாள். ஒரு கவலையுமில்லை. சிரிக்கிறியள், பாடுறியள். இது ஒறுத்தலோ?"

நான் கஞ்சியைப் பார்த்தேன்.

"இதைப் பாருங்கோ. ஒன்பதரை, ஒன்பதரை, ஒன்பதரை. உங்களுக்கு உயிர் இந்த ரூட் பியர்தான். விடுறதெண்டால் இதையெல்லோ விடவேணும்?"

"அப்ப... பியர்?"

"அதில உங்களுக்கு இப்ப விருப்பமில்லைத்தானே. குடியுங்கோ. விருப்பமில்லாததைக் குடிக்கிறதும் ஒரு தவம்."

எனக்குக் காதில் தேன் பாய்ந்தது. அந்தோனியார் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். "இனி ரூட் பியர் ஒரு சொட்டும் தொடமாட்டன். தொட்டால் அந்தோனியார் என்னைக் கேக்கட்டும்!" இந்த முறை வாயும் மனமும் இரண்டும் என்னுடையவை.

"சந்தோசம். ராசன், பிறிட்ஜில இருக்கிற மிச்சத்தை நீர் குடியும். வீணாக்கப்படாது."

ராசன் முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒன்றைத் திருகினான். ஒரு மிடறு. சுளித்த முகம் அப்படியே மலர்ந்தது.

"அக்கா! இது..."

"பேசாமல் குடியும்."

அவன் கடகடவென்று என் பியரைக் குடித்தான். எனக்கு வயிறு எரிந்தது. போகட்டும், எனக்குத்தான் வழி திறந்துவிட்டதே.

டொறத்தி ஒரு கம்பி மூடிப் போத்தலை என் கையில் தந்தாள். டப்பென்று திறந்தேன். கண்ணை மூடி ஒரே இழுவை.

நோவெண்ணெய்!

கண்ணைத் திறந்து பார்த்தேன். நான் சாக்குக்குக் கீழே ஒளித்த அதே போத்தல்.

ராசன் வாயைத் துடைத்தான். "அக்கா போன கிழமை இன்னொரு பெட்டி கேட்டவ, அண்ணை. உங்களுக்கு நல்ல விருப்பமாம் எண்டு."

இது ரூட் பியர் என்று சொன்னால், செய்த சத்தியம் ஒரு நிமிடத்தில் போச்சு. இந்தப் போத்தலுக்குள் இருந்த பியர் எங்கே என்று கேட்டால், அதை நான்தான் சொல்ல வேண்டும். வாயில் இருந்ததை விழுங்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது.

"எப்பிடியப்பா பியர்? பத்துக்கு எத்தினை?"

"ஒன்பதரை" என்றேன்.

"அப்ப பயமில்லை. கீழ கெல்லரில இன்னும் பதினாறு போத்தல் நிரப்பி வச்சிருக்கிறன்."