அன்இன்ஸ்டோல் கேட்ட ஒரு கேள்வி

கிண்ணியா,
வெள்ளிக்கிழமை.

அன்பின் மச்சான் முனீப் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உங்கள் கூடப்பிறந்த ராத்தா மைமூனாவும் மகள் ஷிஃபானாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். கொழும்பில் உங்கள் சுகத்துக்கும் துஆச் செய்கிறோம். கோல் எடுக்காமல் கடிதம் எழுதுகிறானே என்று யோசிப்பீர்கள். வீட்டில் கோல் எடுத்தால் மகளுக்குக் கேட்கும். அதனால் பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன்.

விசயம் இதுதான். மகள் அங்கே ஒரு கம்பனியில் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். திங்கட்கிழமை, தான் செய்த வெப்சைட்டைக் கொண்டுபோய்க் காட்டவேண்டும். எந்தத் தோணி என்ன மீன் கொண்டுவந்தது, என்ன விலைக்குப் போகிறது என்று சொல்கிற வெப்சைட். மாதக்கணக்காய் நித்திரை முழித்துச் செய்தாள். கொழும்புக்குப் போகவேண்டாமென்று நான் சொன்னது உங்களுக்குத் தெரியும், தெரு முழுக்கவும் தெரியும். அந்த வெப்சைட் ஓடுவதற்கு சேர்வர், டேட்டாபேஸ் எல்லாம் ஒரே பொதியாய் வருகிற சொஃப்ட்வெயார் ஒன்று லெப்டொப்பில் இருக்கிறது. நேற்று அது ஓடவில்லை. பச்சை வரவேண்டிய இடத்தில் சிவப்பு. கூட்டாளியைக் கேட்டுவருகிறேனென்று மகள் டவுனுக்குப் போய்விட்டாள். பெற்ற வாப்பா சும்மா இருக்கலாமா?

கம்பியூட்டர் தெரிந்த கொமியூனிகேஷன் கடை அர்ஷாக்கைக் கேட்டேன். அன்இன்ஸ்டோல் பண்ணித் திரும்ப இன்ஸ்டோல் பண்ணுங்கள், சரிவரும் என்றார். பண்ணினேன். நடுவிலே ஒரு பெட்டி வந்து, போல்டரில் நீங்கள் செய்து வைத்திருப்பதையும் சேர்த்து எடுத்துவிடவா என்று இங்கிலிஷில் கேட்டது. மச்சான், நான் முப்பது வருசம் துறைமுகத்தில களஞ்சியம் பாத்தவன். சரக்கு வெளிய போனா ஒரு சாக்குத்துண்டும் கிடக்கப்படாது, கூட்டித் துடைச்சுப் பூட்டித்தான் திறப்பைக் கொடுப்பம். பாதியை வாசிச்சதுமே, எவ்வளவு ஒழுங்கான சொஃப்ட்வெயார், கேட்டுக் கேட்டுக் கூட்டுதே என்ட சந்தோசத்தில ஓமென்டு அமத்திட்டன். பிறகு இன்ஸ்டோல் பண்ணினா அதே சிவப்பு. அர்ஷாக் நேரில வந்து பாத்தார். உங்கட முகம் பாக்கவென்டு போன கிழமை நான் போட்ட வீடியோக் கோல் புரோகிராம்தான் சேர்வர்ட இடத்தில ஏறிக் குந்தியிருந்திருக்கு. அதை நிப்பாட்டினதும் பச்சை வந்திட்டுது. ஆக, ஒண்டையும் அழிச்சிருக்கவே தேவையில்ல, இதில உங்களுக்கும் பங்கிருக்கு மச்சான். பச்சை வந்து என்ன, மகள்ட வெப்சைட் போயிட்டுது, உள்ளுக்குத் தோணியுமில்ல, மீனுமில்ல. நல்வரவு என்டு சொஃப்ட்வெயார்காரன்ட பக்கம் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நிக்குது.

மைமூனா தேத்தண்ணியை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தா. “புள்ளயப் போக விடாம வேணுமென்டு அழிச்சதென்டுதான் ஊர் கதைக்கும்” என்றா. அதுதான் மச்சான் நெஞ்சைக் குத்துகிறது. போகவேண்டாமென்று சொன்னது நான்தான். ஆனால் சத்தியமாக அதற்காக அழிக்கவில்லை. ஊர் என்னத்தையும் கதைக்கட்டும், பிள்ளை என்னை நம்புவாளா?

லெப்டொப் சூடாகிப்போச்சு, ஆறட்டும் என்று மகளிடம் சொல்லி அலுமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். எவ்வளவு நேரம்தான் ஆறும்? நீங்கள் அந்தக் கம்பனிக்குப் போய் ஒரு கிழமை தவணை கேளுங்கள். மகளுக்கும் நீங்களே பக்குவமாய்ச் சொல்லுங்கள். எனக்கு ஏலாது.

வீட்டாருக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸலாம். அல்லாஹ் உங்கள் தொழிலில் பறக்கத் தருவானாக.

இப்படிக்கு,
மச்சான் றஊப்

பி.கு.: மேலே எழுதியதை விட்டுவிடுங்கள், கம்பனிப் பக்கம் போகவேண்டாம். நான் கடிதவுறை தேடிப் போன நேரம் மகள் வந்து முழுக்க வாசித்துவிட்டாள். கோபிக்கவில்லை, சிரித்தாள். வெப்சைட்டின் கொப்பியை முதலே இன்டர்நெட்டில் வேறோர் இடத்தில் போட்டு வைத்திருக்கிறாளாம். “நீங்க வேணுமென்டு அழிக்க மாட்டீங்க வாப்பா, அது எனக்குத் தெரியும். ஆனா உதவி செய்ய வருவீங்கென்டும் தெரியும். அதாலதான் கொப்பி வச்சனான்” என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வருகிறாள், நீங்கள் ஸ்டாண்டில் வந்து நில்லுங்கள். வேலை கிடைத்தால் அங்கேயே தங்கட்டுமா என்றும் கேட்டாள். இந்தமுறை கேள்வியை முழுதாய்க் கேட்டுவிட்டுத்தான் ஓமென்று சொன்னேன்.