மூன்றாவது பிரபஞ்சம்

"என்னங்க, டீ கலக்கிட்டு வர்றதுக்குள்ள என் கிரகத்துல எல்லாரும் செத்துட்டாங்க," என்றாள் புஷ்பராணி.

அம்பிகைபாகன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். மனைவியும் ஆட்டத்தை விட்டு எழுந்துவிட்டாள்.

துறைமுகத்தில் சரக்குக் கப்பல்களுக்கு இடம் ஒதுக்கும் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடக் குமாஸ்தா அவர். வீட்டில் கம்ப்யூட்டருக்கு விண்வெளிப் போர் ஆட்டம் எழுதினார். இது மூன்றாவது. முதலாவதில் நூறு கிரகங்கள் வைத்தார்; ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கம்ப்யூட்டர் யோசித்து முடிப்பதற்குள் உலையில் சோறு வெந்தது. பாடம் கற்று, இரண்டாவதில் ஐந்தே வைத்தார். ஆடுபவர் நாற்காலியில் சாய்வதற்குள் ஆட்டம் முடிந்தது. தைப்பூசத்துக்குள் ஒரே ஓர் ஆளாவது சலிக்காமல் ஆடாவிட்டால் இனி எழுதுவதே இல்லை என்று முருகன் படத்தின் முன் சொல்லிவிட்டார். இன்னும் பதினொரு நாள்.

மனைவிக்காகப் போரை அடக்கினார். இனி யார் யாரைத் தாக்குவதானாலும் திரை முதலில் 'அட்டாக்?' என்று கேட்கும். ஆடுபவர் சம்மதித்தால்தான் அடி விழும்.

சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நண்பர் காஜா மொய்தீன் அடுத்து உட்கார்ந்தார்.

"என்னா அம்பி, என்னை அடிக்கட்டுமான்னு என்கிட்டயே கேக்குது! வேணாம்னேன், எதிரி போய்ட்டான்லா. இது சண்டையா, சம்பந்தம் பேசுறதா?"

"உயிர் போவக் கூடாதுன்னுதான்…"

"அப்ப என் கப்பல்ல நாப்பது பேரு இருக்கானுங்களே, சோறு எங்க?"

அம்பிகைபாகனுக்குச் சுருக்கென்றது. மூன்று பிரபஞ்சங்கள் படைத்தும் ஒருவனுக்கும் ஒரு வாய் சோறு வைக்கவில்லையே! அன்றே அரிசியும் தண்ணீரும் சேர்த்தார். அரிசி ஏற்றக் கப்பல் கரையில் நிற்க வேண்டும். நிற்க இடம் வேண்டும். இடத்துக்கு வரிசை, வரிசைக்குப் பேப்பர். கப்பலின் பெயரை ஆடுபவரே அடித்துக்கொள்ளலாம். இருபத்திரண்டு வருடக் கை தானாக ஓடியது.

"நட்சத்திரத்துக்குப் போவ கஸ்டம்ஸ் பேப்பரா? எனக்குக் கடையில இல்லாத தலைவலியா?" காஜா மொய்தீன் டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பினார்.

மிச்சம் ஐந்து நாள். கடைசி நம்பிக்கையாக டிஸ்கை அலுவலகக் கம்ப்யூட்டரில் போட்டு, "ஓட்டிப் பாத்து சொல்லும்மா," என்று அங்கே உடன் வேலை பார்க்கும் காமாரியாவிடம் விட்டார். டெலிபோனில் யாரிடமோ வாங்கிக் கட்டிக்கொண்டிருந்த அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அந்த வாரம் முழுக்க அவருக்கு அலுவலகத்துக்கு வெளியே, கப்பலடியில் வேலை.

தைப்பூசத்துக்கு முந்தின நாள், டிஸ்கை எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் மறந்துவிடலாம் என்று அலுத்துப்போய் அலுவலகத்துக்கு வந்தார்.

"பாத்தியாம்மா?"

"பாத்தேனாவா! நாலு நாளா சீட்ட விட்டு எந்திரிக்கல அண்ணே!"

அவருக்குக் கண் நிறைந்தது. முருகா, ஒருத்தி கிடைத்துவிட்டாள். "சலிக்கலியா?"

"இல்லவே இல்ல. என்கிட்ட கத்துறதுக்கு ஒரு போன் கூட வரல. ஒரு வாய் சோறு நிம்மதியா இறங்குது."

"எது ரொம்பப் புடிச்சுது?"

"ஹெட் ஆபீஸ் இவ்ளோ நல்ல சிஸ்டம் அனுப்பும்னு நினைக்கல அண்ணே, நம்ம ஒம்போது கப்பலும் இப்ப இதுலதான் ஓடுது, சிட்டகாங்லேருந்து வர்ற கப்பல மட்டும் தினம் 'அட்டாக்?'னு கேக்குது, பாவம் ஆளுங்க இருக்காங்களேன்னு நான் 'நோ' போட்டுட்டு வர்றேன்."