ஜெபதாசின் பீப்பாய்

ஒயின் மேதாவி என்றொரு இனம் நம் பக்கம் பெருகிவருகிறது. கிளாசை நீட்டினால் குடிக்க மாட்டார். சுழற்றுவார், வெளிச்சத்துக்குத் தூக்குவார், மூக்கை உள்ளே விடுவார், கண்ணை மூடுவார், பிறகு நம்மைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

குலசேகரம் ஜெபதாஸ் இதில் முதல் வரிசை. கப்பலில் சமையல்காரராக இருந்தபோது இத்தாலியில் ஒரு திராட்சைத் தோட்டத்தை அரை நாள் சுற்றிப் பார்த்திருக்கிறார். போதாதா? ஊர் திரும்பியவர் ரப்பர் மரங்களுக்கு நடுவே நாலு திராட்சைக் கொடி நட்டு, ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையைக் காலி செய்து, அயனி மரத்தில் பீப்பாய் செய்து வைத்து, ‘இத்தாலிப் பாரம்பரியம், குலசேகரம் மண்’ என்று பலகையும் மாட்டிவிட்டார். கொடியில் காய்த்தது அணிலுக்கே போதவில்லை. திராட்சை கம்பம் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்தது. பலகையில் அது கிடையாது.

மனைவி லீலாபாய் வருஷந்தோறும் பீங்கான் பரணியில் கிறிஸ்துமஸ் ஒயின் போடுகிறவர். இந்த வருஷம் அதற்குத் தடை. மகள் சபிதாவைப் பெண் பார்க்க வருகிறார்களே!

“பரணி ஒயினக் குடுத்தா நம்மள என்னண்ணு நினைப்பாவ?”

“அதுக்கு பீப்பாய மூடாமலா வச்சிருக்கிய?”

“ஒயினு மூச்சு விடணும். ஒனக்கு மனசிலாவாது.”

விட்டது. மாசக்கணக்கில் விட்டது.

மாப்பிள்ளையின் அப்பா ஆன்ஸ்லின் வந்தார். துபாய் ஓட்டலில் வேலை பார்த்தவர். அவரும் அதே இனம். சுழற்றினார், முகர்ந்தார், ஒரு வாய் குடித்தார். கண்ணில் நீர் முட்டியது. துப்பினால் ரசனை கெட்டவன் என்றாகிவிடுமே! விழுங்கினார்.

“பழைய காலத்து டேஸ்டாக்கும் இது.”

“பின்னே! புகை வாசம் வருதில்லியா? அதாக்கும் மரத்துக்க குணம்,” என்று ஜெபதாசும் விழுங்கினார்.

சபிதா ஒரு வாய் குடித்தாள். “அப்பா, இது வினாகிரியாக்கும். மீன் ஊறுகாய்க்கு ஊத்தலாம்.”

சம்பந்தம் போச்சு என்றே லீலாபாய் நினைத்தார். இரண்டு மேதாவிகளும் சபிதாவைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

“பிள்ளைக்கு நாக்கு பழகல்ல,” என்றார் ஆன்ஸ்லின். “எங்க வீட்டுக்கு வந்தா பழகிரும். கல்யாணத்துல கேக்கு வெட்டும்போ இதையே ஊத்தணும், சம்பந்தி.”

ஊற்றினார்கள். சபிதா மட்டும் கிளாசைத் தொடவில்லை. மண்டபமே சுழற்றியது, முகர்ந்தது, விழுங்கியது, “நல்ல பழசு” என்று தலையாட்டியது.

மூன்றாம் வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே இரண்டாவது கிளாசும் கேட்டு வாங்கினார். முகம் சரியாக நினைவில்லை. சட்டை மட்டும், இப்போது நீங்கள் போட்டிருக்கிறீர்களே, அதே மாதிரி இருந்தது.