இருபது லிட்டர் ஆத்துத் தண்ணி

கபடியில் வெற்றி தோல்வி ஆடுகிறவன் காலில் இல்லை, அவன் குடிக்கிற தண்ணீரில் இருக்கிறது என்று நம்பிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். எங்கள் பாளையங்கோட்டைத் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். கேன் அண்ணாச்சி என்றால்தான் ஆள் தெரியும்.

எங்கள் தெரு அணி வெளியூர் போய் ஜெயித்ததாகச் சரித்திரமே கிடையாது. பயல்களுக்கு ஆடத் தெரியாது என்பது என் கட்சி. அண்ணாச்சி ஒப்ப மாட்டார்.

"தாமிரவருணி குடிச்சு வளந்த உடம்பு வே. அங்கன போயி உப்புத் தண்ணியக் குடிச்சா மூச்சு நிக்குமா?"

ஆகவே ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சி, வடிகட்டி, இருபது லிட்டர் கேனில் நிரப்பிக்கொண்டு வருவார். கேனின் ஒரு பக்கக் காதை அவர் பிடிப்பார். இன்னொன்றைப் பிடிக்க, முன்ஜென்மப் பாவம், நான். முதல் தடவை கேன் பஸ்ஸோடு போய்விட்டது. அடுத்த தடவை வழியில் மூடி கழன்றது. அதனால் அவர் கொள்கை பரீட்சைக்கே வராமல் இருந்தது.

குலசேகரன்பட்டினம் பக்கம் ஒரு ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். "இதுலயும் தோத்தா அணியக் கலைச்சிருவோம்" என்று கேப்டன் சொல்லிவிட்டான். அன்று அண்ணாச்சி கேனை ஜன்னலோர சீட்டில் உட்காரவைத்துவிட்டு, தான் நின்றுகொண்டே வந்தார்.

மண்டை பிளக்கும் வெயில். அந்த ஊருக்குத் தண்ணி லாரி வரவில்லையாம். எதிரணிப் பையன் ஒருவன் வந்தான்.

"அண்ணாச்சி, குடிக்கத் தண்ணி இருக்கா?"

கொடுக்க வேண்டாம் என்று நான் கண்ணைக் காட்டினேன். அவர் கேனைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், சாய்த்து ஊற்றினார். பிறகு எதிரணி மொத்தமும் வந்தது. நடுவர் வந்தார். மேளக்காரர்கள் வந்தார்கள். எங்கள் பயல்கள் வந்தபோது கேனில் காற்றுதான் இருந்தது.

தோற்றோம். வேலிக்கு அந்தப் பக்கம் மேய்ந்த ஆடுகூடப் பரிதாபப்படும்படி தோற்றோம். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"எதிராளிக்கு எதுக்கு அண்ணாச்சி குடுத்திய?"

"தண்ணி கேக்குதானுவ. இல்லன்னு எப்படி வே சொல்லுவேன்?"

துண்டால் கண்ணைத் துடைத்தார். பிறகு, "ஆனா ஒண்ணு பாத்தீரா? நம்ம தண்ணி குடிச்சவனுவதான் ஜெயிச்சிருக்கானுவ" என்றார்.

கொள்கை நிரூபணமாகிவிட்டது. அன்றைக்கே அணி கலைந்தும் விட்டது. திரும்பும் பஸ்ஸில் காலி கேனை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

இப்போது நான் கங்கைகொண்டானில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை காலை தவறாமல் போன் வரும்.

"நாளைக்கு ஆட்டம் இருக்கா வே?"

"டீமே இல்லயே அண்ணாச்சி."

"சேந்தா சொல்லும். கேனக் கழுவி வச்சிருக்கேன்."

எத்தனை தடவை எரிந்து விழுந்திருக்கிறேன்! போன சனிக்கிழமை பத்து மணியாகியும் போன் வரவில்லை. வேலை ஓடவில்லை. நானே கூப்பிட்டேன்.

"என்ன அண்ணாச்சி, கேனக் கழுவியாச்சா?"