சாம்பிள் ரூமில் ஊதா வெளிச்சம்

வீரபாண்டி, திருப்பூர்
செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய வீரணன் மாமாவுக்கு,

மாரிச்செல்வம் எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் கேட்டிருக்கலாம். போனில் பேசப் பயமாக இருக்கிறது. முப்பது வருஷம் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்தவருக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. படித்ததும் கிழித்துவிடுங்கள். வேண்டாம், வைத்திருங்கள். நான் பயந்ததற்கு வேறு சாட்சி இல்லை.

கேள்வி ஒன்றுதான். கஞ்சாச் செடிக்கு விளக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவனுக்கு எத்தனை வருஷம்?

எங்கள் பனியன் கம்பெனிக்குச் சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் ஒருவர் வருகிறார். ஹெம்ப் நாரில் டி-ஷர்ட் வேண்டுமாம். ஹெம்ப் என்பது கஞ்சா இனத்துச் செடி. போதை இல்லாத வகை என்கிறார்கள். வருகிற போலீஸ்காரர் அதைக் கேட்டுக்கொண்டு நிற்பாரா என்று தெரியவில்லை. இந்த ஊரில் பையர் கேட்டதை இல்லை என்று சொல்லும் வழக்கம் கிடையாது. முதலில் சரி. பிறகு சாம்பிள். அதன்பிறகுதான் யோசனை. முதலாளி ஈஸ்வரமூர்த்தி ஒரு படி மேலே போய், செடியே எங்களிடம் இருக்கிறது, வந்தால் காட்டுகிறோம் என்று மெயில் போடச் சொன்னார். போட்டது நான்.

மறுநாள் யாரோ தந்த விதைப் பொட்டலத்தை என் மேஜையில் வைத்தார். சட்டம் என்று இழுத்தேன். "பருத்தி வெச்சாத் தப்புங்களா? இதும் துணிச்செடிதானுங்க" என்றார். வெளியே வைத்தால் ஆள் பார்ப்பார்கள். அதனால் மாதிரித் துணிகள் வைக்கும், ஜன்னல் இல்லாத சாம்பிள் ரூம். அன்றிலிருந்து அவர் உள்ளே வருவதில்லை. கதவுக்கு வெளியே நின்று, வளருதுங்களா என்று மட்டும் கேட்பார்.

வெளிச்சம் என் பொறுப்பு. துணியின் நிறம் ஒப்பிட்டுப் பார்க்கும் லைட் பாக்ஸ் என் கையில் இருக்கிறது. ஆகவே எனக்கு வெளிச்சம் தெரியும் என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். ஆறு தொட்டிகளைப் பெட்டிக்குள் வைத்துப் பகல் வெளிச்ச ட்யூப்பைப் போட்டேன். துல்லியமான பச்சை. பத்தே நாளில் செடிகள் நூலாக நீண்டு, வெளுத்து, ட்யூப்பை நோக்கிச் சாய்ந்தன. என் கண்ணுக்குப் போதுமான வெளிச்சம். செடிக்குப் பட்டினி.

பிறகு எலக்ட்ரிகல் கடைக்குப் போனேன் மாமா, செடி வளர்க்கிற லைட் என்றேன், என்ன செடி என்றார் கடைக்காரர், தக்காளி என்றேன், தக்காளிக்கு வெயிலே போதுமே என்றார், வெயில் வராத வீடு என்றேன், ரூம் எத்தனை அடி, எத்தனை செடி, எவ்வளவு உயரம் வரும் என்று கேட்டுக்கொண்டே போனார், அக்கறையில்தான் கேட்டார், எனக்கு விசாரணை மாதிரி இருந்தது, ஆளுயரம் என்று சொல்லிவிட்டேன், என்னை ஒரு பார்வை பார்த்தார், ஆளுயரத் தக்காளிக்குச் சின்ன லைட் பத்தாது என்று பெரிய ஊதா விளக்குப் பலகை ஒன்றை எடுத்து வந்தார், வாரண்டிக்குப் பேரும் நம்பரும் கேட்டார், பொய்ப் பேர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாய் என் பேரையும் அப்பா பேரையும் சொல்லி முடித்துவிட்டது.

செடி தழைத்துவிட்டது. அதுதான் பயம். ஊதா வெளிச்சத்தில் பச்சை கறுப்பாகத் தெரிகிறது. என் கையும் கறுப்பு. இலை விரல் விரலாகப் பிரிந்திருக்கிறது. ஓரமெல்லாம் ரம்பம். இணையத்தில் பார்த்த படம் அப்படியே. இணையத்தில் தேடியதும் குற்றமோ என்னவோ. வாசனை வருகிறது, அல்லது மூக்கு அப்படி நினைக்கிறது. ஒவ்வொரு தொட்டியிலும் சாம்பிள் டேக் தொங்குகிறது. ஸ்டைல் நம்பர், தேதி, பொறுப்பு: மாரிச்செல்வம். டேக் இல்லாமல் அந்த ரூமில் எதுவும் இருக்கக் கூடாது என்பது நானே போட்ட விதி. கீழே காக்கி நிறத்தில் ஒரு ஆர்டர் ஓடுகிறது. அந்தத் துணி கண்ணில் பட்டாலே எழுந்து நிற்கிறேன்.

பையர் அடுத்த வியாழன் வருகிறார். அதற்குள் ஒரு வக்கீலுடன் புறப்பட்டு வாருங்கள். அம்மாவிடம் சொல்ல வேண்டாம். அத்தைக்கு என் வணக்கம். பிள்ளைகளை நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள்; இந்தத் தொழில் வேண்டாம்.

இன்றுவரை வெளியில் இருக்கும் உங்கள் மருமகன்,
மாரிச்செல்வம்

பி.கு.: வர வேண்டாம் மாமா. கவரை ஒட்டுவதற்குள் கரண்ட் போய்விட்டது. புழுக்கம் தாங்காமல் கதவைத் திறந்தேன். செக்கிங் செக்‌ஷன் ரங்காத்தாள் அக்கா உள்ளே வந்து ஓர் இலையைக் கிள்ளினார். நான் தடுப்பதற்குள் மென்று விழுங்கிவிட்டார். "ஏங் கண்ணு, புளிச்சக்கீரைய எதுக்கு ரூமுக்குள்ள அடைச்சு வெச்சிருக்கற? வெயில்ல வெய்யி, பாவம்" என்றார். நானும் தின்று பார்த்தேன். புளித்தது. மூன்று இலை தின்றேன். அழுகை வந்தது.

விதை கொடுத்தவன் ஏமாற்றியிருக்கிறான். முதலாளியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் சந்தோஷப்படவில்லை. பையருக்கு மெயில் போயாச்சே என்று நெற்றியைத் தேய்த்தார். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "உங்க மாமா போலீஸ்ல இருந்தாருன்னீங்களே. நல்ல வெதை எங்க கெடைக்கும்னு அவருக்குத் தெரியாமயா இருக்கும்? ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க."