மூக்குக்கட்டியும் தேத்தண்ணி ரோசாவும்

முற்றம் நிறைய ரோசாப்பூ வளர்த்தும் ஒரு பூவின் மணம்கூட அறியாமல் வாழ்ந்த ஒரே மனிதர், இந்தப் பூமியில் எங்கள் மூக்குக்கட்டிதான். இதற்குப் போட்டிக்கு யாராவது வருவதென்றால் வரட்டும். அம்மாள் படத்தின் முன்னால் நின்று நான் சாட்சி சொல்லத் தயார்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. கிளென் வேவர்லியில், ரயில் போய் முடிகிற இடத்துக்கும் அப்பால் எங்கள் வீடு. பழத்தோட்டங்களை வெட்டி வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். மெல்பேர்னில் எங்களுக்குக் கோயில் என்று ஒன்று கிடையாது. வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் முன்னறைக் கதிரைகளைச் சுவரோடு தள்ளிவிட்டு, அம்மாள் படத்துக்கு விளக்கேற்றித் தேவாரம் படிப்போம். எங்களுக்குத் தெரிந்த தமிழ்ச் சனமெல்லாம் அந்த ஓர் அறைக்குள் அடங்கிவிடும். சில வெள்ளிகளில் இடமும் மிஞ்சும்.

மூக்குக்கட்டி எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தார். ஏதோ ஒரு கந்தோரில் பாலங்களுக்குப் படம் கீறுகிற வேலை. பெற்றோர் வைத்த பெயர் நல்ல பெயர்தான். ஆனால் பூப்பறிக்கப் போகும்போது முகம் துடைக்கிற லேஞ்சியை நான்காய் மடித்து மூக்கையும் வாயையும் சேர்த்துப் பின்னால் முடிச்சுப் போட்டுக்கொள்ளுவார். அதற்குப் பிறகு அந்த நல்ல பெயரை யார் கூப்பிடப் போகிறார்கள்?

"சாமிக்கு வைக்கிற பூவை மணக்கக் கூடாது எண்டு எனக்கும் தெரியும் தம்பி. அதுக்கு ஏன் மூக்கைக் கட்டுறீர்? மணக்காமல் பறிச்சாச் சரிதானே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கதிர்காமத்தில வாயைக் கட்டித்தானே அக்கா பூசை செய்யினம். மணம் எங்களைக் கேட்டே மூக்குக்குள்ள வருது? அது தன்பாட்டில வரும். கோயில் பூவை மணந்த ராணியின்ர மூக்குக்கு என்ன நடந்தது எண்டு மறந்து போனியளோ?"

மறக்கவில்லை. பெரியபுராணத்தில் அந்த மூக்கை அறுத்துவிட்டார்கள். நான் என் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

அவருடைய மனைவியும் மூன்று வயது மகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். பிள்ளை கைக்குழந்தையாய் இருக்கும்போது வந்தவர். அவர்களைக் கூப்பிட விசாவுக்குப் போட்டு, அது இன்று வரும் நாளை வரும் என்று காத்திருந்து காத்திருந்து மனிதர் பாதியாய் மெலிந்து போனார். கடைசியில் ஒரு தை வெள்ளிக்கிழமை, கற்பூரம் எரிந்துகொண்டிருக்கும்போது, எல்லாருக்கும் கேட்க நேர்த்தி வைத்தார்.

"அம்மாளே! என்ர மனிசியும் பிள்ளையும் என்ர படலைக்குள்ள வந்து சேருமட்டும், ஒரு வெள்ளியும் தவறாமல், என்ர கையால வளத்த மணமுள்ள ரோசாப்பூ ஒண்டு உனக்கு வைப்பன்."

நாங்களும் கண்கலங்கி, கையெடுத்துக் கும்பிட்டோம். ஒருவருக்கும் மூளை வேலை செய்யவில்லை. எங்கள் ஊரில் பூமரம் லீவு எடுக்கிறதை யார் கண்டது?

மறுநாள் காலை இதைப் பக்கத்து வீட்டு டோரீனிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். டோரீன் அறுபது தாண்டிய, புருசனை இழந்து தனியாய் இருந்த பெண்மணி. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர் மாதிரி எப்போதும் முழங்காலில் மண் இருக்கும்.

"எல்லா வெள்ளிக்கிழமையுமா, லவ்?"

"எல்லா வெள்ளியும்."

"ஜூலையிலுமா?"

"ஏன், ஜூலைக்கு என்ன?"

"ஜூலையில் ரோசா நித்திரை, லவ். இலைகூட இருக்காது."

மூக்குக்கட்டியின் முகம் கறுத்தது. சமாளித்துக்கொண்டு, முற்றத்தில் குலைகுலையாய்ப் பூத்துக் கிடந்த வெள்ளை ரோசாவைக் காட்டி, "சரி, ஜூலைக்கு ஒரு வழி பார்க்கலாம். அதுவரைக்கும் இது இருக்கிறதே" என்றார். வாடகை வீட்டில் முன்பு இருந்தவர்கள் நட்டுவிட்டுப் போன ஐஸ்பேர்க் ரோசா அது.

டோரீன் ஒரு பூவை இழுத்து மணந்து பார்த்தார். "அருமையான பூ. நிறுத்தாமல் பூக்கும். ஆனால் மணம் என்று சொல்ல ஒன்றும் இல்லையே!"

பாருங்கள் கூத்தை. ஒரு வருடமாக மூக்கைக் கட்டிக்கொண்டு பறித்த மனிதருக்குத் தன் பூவுக்கு மணம் இல்லை என்பதே தெரியாது. மணமுள்ள பூ என்று அம்மாளுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. அடுத்த வெள்ளி வருவதற்குள் மணக்கிற ரோசா வேண்டும்.

உடனே டோரீனையும் ஏற்றிக்கொண்டு, எங்கள் காரில் பூக்கண்டு விற்கிற இடத்துக்குப் போனோம். அங்கே வரிசை வரிசையாய் ரோசா. அவர் மணக்க மாட்டார். எனவே எங்கள் மூக்குகளைக் கூட்டிக்கொண்டு போனார். "ஒரு பூவை மணந்தால் அந்தப் பூ மட்டும்தான் பழுது. கண்டுக்குப் பழுதில்லை" என்பது அவருடைய சட்டம். மணந்த பூவைக் கிள்ளி எறிந்துவிட்டால் அடுத்த பூ சுத்தம்.

முதலில் என் வீட்டுக்காரரை மணக்கச் சொன்னார். இவருக்குப் பிறந்ததில் இருந்து பீனிசம், மூக்கு எப்போதும் அடைப்பு. எந்தப் பூவைக் காட்டினாலும் "சவுக்கார மணம்" என்றார். எனக்கோ, எதைக் கண்டாலும் மணம் தூக்கலாய்த்தான் இருந்தது. "அக்கா, நீங்கள் ஆரையும் குறை சொல்ல மாட்டியள். உங்கட மூக்கும் அப்பிடித்தான்" என்று என்னையும் தள்ளிவிட்டார். கடைசியில் உத்தியோக மூக்கு டோரீன்தான். அவர் குனிந்து மணந்து, கண்ணை மூடி யோசித்து, "இது எலுமிச்சை", "இது கிராம்பு", "இது என் மாமியாருடைய உடுப்பு அலுமாரி" என்று சொல்லிக்கொண்டே போனார்.

"பீஸ்" என்று ஒரு மஞ்சள் ரோசா, கோப்பை மாதிரிப் பெரிய பூ. மணம் போதாது என்று தள்ளுபடி. "ஃபிராக்ரன்ட் கிளவுட்" என்று ஒரு செம்பவளம். அதை மணந்ததும் டோரீன் நிமிரவே இல்லை. அதையே எடுத்தோம். காசு கட்ட வரிசையில் நின்றபோது முன்னால் நின்ற வெள்ளைக்காரச் சீமாட்டி ஆசையாய்ப் பூவை நோக்கிக் குனிந்தார். மூக்குக்கட்டி சட்டியைத் தலைக்கு மேல் தூக்கி, "நோ ஸ்மெல், மேடம்! ஃபோர் காட்! சாமிக்கு!" என்று கத்திய கத்தில் அந்தப் பெண் தன் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அந்தச் செம்பவளம் கோடை முழுவதும் சலிக்காமல் பூத்தது. வெள்ளிக்கிழமைகளில் எங்கள் முன்னறைக்கு ஊதுபத்தியே தேவைப்படவில்லை. ஆனால் ஜூலை?

அதற்கும் டோரீன்தான் விசாரித்து ஒரு வழி கண்டுபிடித்தார். இந்த நாட்டிலேயே உண்டாக்கிய பழைய ரோசா ஒன்று. அதற்கு யாரோ ஒரு பெண்ணின் பெயர். இளஞ்சிவப்பும் பொன்னும் கலந்த நிறம். மற்ற ரோசாவெல்லாம் உறங்கும்போது அது மட்டும் குளிரில் பூக்குமாம். ஒரே நிபந்தனை, மற்றவற்றைப் போல ஜூலையில் கொப்பு வெட்டக் கூடாது. கோடை முடிகிறபோதே வெட்டிவிட வேண்டும். குளிர்காலத்தில் இந்த நாட்டுச் சூரியன் நிற்பது வடக்கே, அதனால் நல்ல வெயில் பிடிக்கிற வடக்குச் சுவரோடு நட வேண்டும்.

"மணம்?" என்று கேட்டார் மூக்குக்கட்டி. அவருக்கு அதுதான் உயிர்.

டோரீன் மணந்தார். "இருக்கிறது. தேயிலை ஊறின மாதிரி, தேத்தண்ணி மணம்."

மூக்குக்கட்டி என்னைப் பார்த்தார். "அக்கா, அம்மாளுக்குத் தேத்தண்ணியோ?"

யோசித்துவிட்டு அவரே தீர்ப்பும் சொன்னார். "உந்தக் குளிருக்குள்ள வந்து இருக்கிற அம்மாள் தேத்தண்ணி வேண்டாம் எண்டு சொல்லுவாவே?"

இரண்டு கண்டு வாங்கினார். வடக்கை நம்பாமல் ஒன்றைத் தெற்குச் சுவரோடு நட்டார். அது வெயில் காணாமலே செத்தது. மற்றதை அவர் வளர்த்த மாதிரி ஒரு தாய்கூடப் பிள்ளையை வளர்க்க மாட்டாள். பனி கொட்டத் தொடங்கியதும் தன் கம்பளிப் போர்வையைக் கொண்டுபோய்ப் பந்தலாகக் கட்டிவிட்டு, தான் ஓவர்கோட்டோடு படுத்தார். இரவில் அடியில் சுடுதண்ணிப் பை வைத்தார். "அது ரோசா, லவ், பிள்ளையில்லை" என்றார் டோரீன். "தெரியும். ஆனால் பிள்ளை வரவேண்டும் என்றால் இது பூக்க வேண்டும்" என்றார் இவர். அதற்குப் பிறகு சுடுதண்ணிப் பையில் தண்ணீர் மாற்றுகிற வேலையை டோரீனும் பங்கெடுத்துக்கொண்டார்.

ஜூன் தப்பியது. ஜூலையும் பாதி தப்பியது. பிறகு கடுமையான பனி விழுந்து மொட்டுகளைக் கருக்கிவிட்டது. அந்தக் கிழமை முழுக் கண்டிலும் விரிந்த பூ ஒன்றே ஒன்று.

வெள்ளி விடியற்காலை, இருட்டு விலகவில்லை. மூக்குக்கட்டி முகத்தில் லேஞ்சி கட்டி, ஒரு கையில் ரோச் லைற்றும் மறுகையில் பெரிய கத்திரிக்கோலுமாகச் சுவரோடு பதுங்கிப் பதுங்கிப் போகிறார். பதுங்கியது பனி வழுக்கும் என்ற பயத்தில். ஆனால் அந்தத் தெருவுக்குப் புதிதாக வந்த பால்காரருக்கு அது எப்படித் தெரியும்? யன்னல் அருகே முகமூடிக்காரன்! போத்தல்களை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். சிறிது நேரத்தில் பொலிஸ் கார் வந்து நின்றது.

டோரீன் வந்து எங்கள் கதவைத் தட்ட, நான் சேலைக்கு மேலே என் வீட்டுக்காரருடைய கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன். இறங்கி வந்தவர் செம்பட்டைத் தலைமயிரோடு இளம் பொலிஸ்காரர், நல்ல மனிதர்.

"இது என்ன முகமூடி?"

"ஸேர், கடவுளுக்குப் பூப் பறிக்கிறேன். மூச்சுப் படக்கூடாது."

"பூவா? இந்தக் குளிரிலா?" பொலிஸ்காரர் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. நாங்கள் தடுக்கும் முன்னரே தொப்பியைக் கழற்றிவிட்டு, குனிந்து, நெஞ்சு நிறைய அந்த ஒரே பூவை மணந்தார்.

"லவ்லி, மேட்!"

மூக்குக்கட்டி லேஞ்சியை அவிழ்த்துவிட்டு நனைந்த புல்லில் அப்படியே இருந்துவிட்டார். தோட்டத்துக்குள் அவருடைய மூக்கை நான் பார்த்தது அன்றுதான். அது அழுகையில் சிவந்து போயிருந்தது.

"எல்லாம் போச்சு அக்கா. இனி அவையள் வரமாட்டினம்."

டோரீன் பொலிஸ்காரரைத் தள்ளிக்கொண்டுபோய் விஷயத்தைச் சொன்னார். அந்தப் பொலிஸ்காரப் பிள்ளையின் முகம் தலைமயிரைவிடச் சிவந்தது. நானும் நேர்த்தியை நம்புகிறவள்தானே. "அம்மாளே, இந்தச் சீவனைச் சோதியாதை" என்று மனதுக்குள் மன்றாடினேன்.

அப்போதுதான் பின்னால் வந்த என் வீட்டுக்காரர், பீனிச மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அங்கை கீழ ஒரு மொட்டு நிக்குதே, அதை ஒருத்தரும் மணக்கேல்லைத்தானே?" என்றார்.

நின்றது. போர்வையின் மடிப்புக்குள் இருந்ததால் கருகாமல் தப்பியிருந்தது. ஆனால் இறுக மூடிய மொட்டு. பின்னேரப் பூசைக்குள் விரிய வேண்டும்.

அன்று யாரும் வேலைக்குப் போகவில்லை. காற்றுக்கு ஒரு குடையும் பனிக்கு ஒரு சாக்கும் கட்டினோம். மண்ணெண்ணெய் ஹீற்றரைக் கொண்டுவந்து எட்ட வைத்தோம். மத்தியானம் டோரீன் தன் யன்னலால் நீள வயர் இழுத்து, தலைமயிர் உலர்த்துகிற மெஷினைக் கொண்டுவந்து மொட்டுக்கு மெதுவாய்ச் சூடு பிடித்தார். பிடிக்கும்போது குசினித் துணி ஒன்றைத் தானே மூக்கில் கட்டிக்கொண்டார். அதைப் பார்த்து நானும் சேலைத் தலைப்பைக் கட்டினேன். என் வீட்டுக்காரரும் துவாயைக் கட்டினார், தேவையில்லாத மூக்காக இருந்தாலும். பின்னேரம், வேலை முடிந்த செம்பட்டைத் தலைப் பொலிஸ்காரர், தன் லேஞ்சியை மூக்கில் கட்டிக்கொண்டுதான் படலையைத் திறந்தார். "விரிந்துவிட்டதா?" என்று ரகசியக் குரலில் கேட்டார். அந்த நேரம் பால்காரர் வந்திருந்தால் பட்டாளத்தையே கூப்பிட்டிருப்பார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மொட்டின் வெளி இதழ் இரண்டு, பாதி நித்திரையில் கண் திறக்கிற மாதிரி விலகின. போதும் என்றேன். அம்மாளின் பாதத்தில் அதை வைத்துவிட்டு மூக்குக்கட்டி நிமிரவே வெகுநேரம் ஆனது. டோரீன் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து நிலத்தில் இருந்தார்.

ஐப்பசியில், மெல்பேர்ன் முழுக்க ரோசா பூக்கிற காலத்தில், அம்மாள் கண் திறந்தாள். மனைவியும் மகளும் ஒரு வியாழக்கிழமை வந்து இறங்கினார்கள். ஆனால் பிள்ளைக்குத் தகப்பனைத் தெரியவில்லை. விமான நிலையத்தில் தூக்கப் போனபோது வீரிட்டு அழுதது. வீட்டுக்கு வந்தும் தாயின் சேலையை விடவில்லை. மனிதர் சிரித்துச் சமாளித்தார். எனக்குத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை.

மறுநாள் நன்றிப் பூசை. அதற்காக அந்தத் தேத்தண்ணி ரோசாவில் மிகத் திறமான பூவைப் பார்த்து, அடையாளத்துக்கு நூல் கட்டி வைத்திருந்தார். காலையில் நானும் அங்கே போனேன். மூக்குக்கட்டி லேஞ்சி கட்டிக்கொண்டு வருகிறார். அவருக்கு முன்னால், அந்தச் சின்னப் பிள்ளை துள்ளித் துள்ளிப் போய், நூல் கட்டிய பூவுக்குள்ளேயே முகத்தைப் புதைத்துவிட்டது.

"ஐயோ! சாமிப் பூவெல்லே பிள்ளை, மணக்காதை!" என்று தாய் கத்தினாள்.

பிள்ளை திரும்பி, முகமூடியோடு நிற்கிற தகப்பனைக் கண்டு உதட்டைப் பிதுக்கியது. மூக்குக்கட்டி மெதுவாய் லேஞ்சியை அவிழ்த்தார். மண்ணில் முழங்கால் போட்டார்.

"என்ன மணம், அம்மா?"

பிள்ளை யோசித்தது. "தேத்தண்ணி."

அவர் குனிந்து, பிள்ளையின் முகத்துக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து, அதே பூவை மணந்தார். அடுத்த நிமிடம் ஒரு தும்மல் தும்மினார் பாருங்கள், இதழ் இரண்டு பறந்துவிட்டன. பிள்ளை விழுந்து விழுந்து சிரித்து, "இன்னொருக்கா!" என்று அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"பூசைக்குப் பூ?" என்று தாய் பதறினாள்.

"அம்மாளுக்கு வேற பூ பறிப்பம். இது அம்மாள் எங்களுக்கு வைச்ச பூ" என்றார்.

சில வருடங்களில் வேலை மாறிச் சிட்னிக்குப் போய்விட்டார்கள். போகுமுன் ஒரு கொப்பை வெட்டி வேர்பிடிக்க வைத்து எனக்குத் தந்துவிட்டுப் போனார். அதுதான் இன்றைக்கும் எங்கள் வடக்குச் சுவரோடு நிற்கிறது. வெள்ளிக்கிழமைகளில் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு அம்மாளுக்குப் பறிப்பேன். ஒரு பூவை மட்டும் மரத்திலேயே விட்டுவைப்பேன். பூசை முடிந்து, விளக்கு அமர்ந்த பிறகு போய் அதை மணந்து பார்ப்பேன்.

தேத்தண்ணி மணம்தான் தம்பி. உம்மட பூ சுகமாய் நிக்குது.